திரையின் பின்பக்கம்

அந்தப் படத்தைக் குடும்பக் கதை என்றுதான் சொன்னார்கள். யாருடைய குடும்பம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை இருந்தவர்கள் எல்லோரும் அந்தக் குடும்பத்திலேயே இருந்தார்கள்.

முதல் ஜெர்மன் சண்டை ஓய்ந்துகொண்டிருந்த காலம் அது. நான் பாளையங்கோட்டையில் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்து விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்து பார்த்தால் ஊரே ஒரு நிலையில் இல்லை. பெரியவீட்டுச் சின்ன எசமான் பட்டணத்திலிருந்து ஒரு படக்காரரை அழைத்து வந்திருந்தார். மூன்று கால் வைத்த ஒரு பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் முன்னால் நிற்கிற ஆளை, நடக்கிற நடையோடு உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளுமாம். பிறகு எப்போது வேண்டுமானாலும் துணியில் காட்டலாமாம். செத்துப்போனவர்கள்கூட அதில் நடப்பார்கள் என்று எங்கள் தெருவில் பேச்சு. நம்பினவர் பாதி, சிரித்தவர் பாதி.

எங்கள் ஊர் தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்து ஊர். பெரியவீட்டார் சைவர்கள், வயலில் பெரும்பகுதி அவர்களுடையது. எங்கள் தெரு குளத்தங்கரைக்கு அந்தப் பக்கம், ஊரோடு ஒட்டாமல் இருக்கும். ஏன் ஒட்டாமல் இருக்கும் என்று இந்த நாட்டில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் பாதிப் பேர் வேதக்காரர்களாகியிருந்தோம். என் அய்யாவும் ஞானஸ்நானம் எடுத்தவர்தான். ஆனால் அவருடைய வேலை குளத்தோடு. குளம் ஞானஸ்நானம் எடுக்கவில்லையே! பரம்பரையாக அய்யாதான் மடைக்காரர். குளத்துக்குள் முங்கி, மடையின் அடைப்பைப் பிடுங்கி, வயல்களுக்குத் தண்ணீர் விடுவதும் திரும்ப அடைப்பதும் அவர் பொறுப்பு.

படத்தின் கதை இதுதான். மூன்று தலைமுறைக்கு முன்னால் ஒரு பேய்மழை. குளம் தளும்பி, கரை உடையப்போகிறது. மடையைத் திறந்துவிட்டால் ஊர் தப்பும். தண்ணீர் நிற்கிற நிற்பில் இறங்க ஆளில்லை. அப்போது பெரியவீட்டுப் பெரியவர், மனைவி மக்கள் கதறக் கதற, தாமே குதித்து மடையைத் திறக்கிறார். கையில் அம்மன் கொடுத்த தங்க விளக்கோடு மேலே வருகிறார். தங்க விளக்காம்! எங்கள் குளத்தில் அயிரை மீனும் களிமண்ணும் தவிர வேறு எதுவும் யாருக்கும் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

குதித்தவர் அய்யாவின் பாட்டனார். எங்கள் தெருவில் பேச்சு வந்த பிள்ளைக்கெல்லாம் அது தெரியும். அவர் திறந்தார், கரை நின்றது, ஊர் பிழைத்தது. அவர் மேலே வரவில்லை. அதற்காகத்தான் மடைக்குக் கீழே ஒரு துண்டு நிலத்தை எங்களுக்கு மானியமாக விட்டிருந்தார்கள். நிலத்தைக் கொடுத்த பெரியவீடு, கதையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்று சும்மாவா சொன்னார்கள்?

படம்பிடிப்பை நாங்கள் பெரியவீட்டுத் தோட்டத்து வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். நடிக்க வந்தவர்கள் ஒரு நாடகக் கம்பெனிக்காரர்கள். பொம்பிளை வேஷமெல்லாம் ஆம்பிளைகளுக்கே. மீசையை மழித்த ஒருவர் பெரியவரின் மனைவி நாச்சியாராக வந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பார்த்த இன்றைய பெரியவீட்டு நாச்சியாருக்கு அது பிடிக்கவேயில்லை. "எங்க மாமியாருக்கு மாமியார் இப்படியா இடுப்ப ஆட்டிக்கிட்டு நடந்தாவ?" என்று சமையல்கட்டில் கத்தினாராம். அவரை யார் கேட்டார்கள்? உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி ஒருவர் கதையில் வருகிறார். அவருக்கு வயிற்றில் தலையணை கட்டி விழுந்து விழுந்து எழச் சொன்னார்கள். வெள்ளத்தின்போது மேலப்பாளையத்துச் சாயபுமார்கள் மாட்டு வண்டி கொண்டுவந்து ஜனங்களை ஏற்றிப் போனதாக எங்கள் தெருவில் சொல்வார்கள். படத்தில் ஒரு வண்டிகூடக் கிடையாது. ஊர் என்றால் அந்த ஒரு வீடுதான்.

நாங்களும் படத்தில் இருந்தோம். கம்பெனிப் பையன்கள் சிலர் முகத்திலும் கையிலும் அடுப்புக்கரியைக் குழைத்துப் பூசிக்கொண்டு, கூனிக் குறுகி, வாயைப் பொத்தி, "சாமி சாமி" என்று ஓடினார்கள். அதுதான் நாங்களாம். வேலிக்கு வெளியே நாங்கள் நிஜமாகவே நின்றுகொண்டிருந்தோம்.

என் அம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. "ஏட்டி, நம்ம நெறத்துக்கு எதுக்குட்டி கரி? நம்மளக் கூப்பிட்டிருந்தா அடுப்புக்கரியாச்சும் மிச்சமாயிருக்கும்லா" என்றாள். எங்கள் தெருப் பெண்கள் குடல் தெறிக்கச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டால் நாங்கள் அந்த முற்றத்தில் கால் வைக்க வேண்டியிருக்கும்.

கடைசியில் ஒன்றுக்குக் கூப்பிட்டார்கள். பெரியவராக நடித்தவர் பாட்டுப் பாடுவதில் கெட்டிக்காரர். தண்ணீரைக் கண்டால் தொடை நடுங்குகிற ஆள். குளம் வேறு நிறைமாத வயிறாகக் கிடந்தது. குதிக்க ஆள் வேண்டும். சின்ன எசமான் ஆளனுப்பி அய்யாவை வரச்சொன்னார். நானும் கூடப் போனேன்.

அய்யா துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். ஆனால் பேச்சில் பணிவு போதவில்லை.

"குதிக்கேன் எசமான். ஆனா ஒண்ணு. இது எங்க பாட்டன் குதிச்ச குதி. அதப் படத்துல சொல்லணும். எம் மூஞ்சி நல்லாத் தெரியணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

சின்ன எசமான் படக்காரரைப் பார்த்தார். படக்காரர் தலையாட்டினார். "அதுக்கென்னப்பா, குதிக்கறதுக்கு முன்னால பெட்டியப் பார்த்து ஒரு தடவ திரும்பி நில்லு. முகம் விழுந்துடும்."

"சரிலே, கேட்டியா? போ, போயி வேட்டிய வாங்கிக் கட்டு" என்றார் சின்ன எசமான்.

கொடுத்தது சரிகை வேட்டி. வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "ஒங்க பாட்டன் சரிகை வேட்டி கட்டிக்கிட்டா மடைக்கு எறங்குனாரு? ஒங்களுக்குக் கூறு இருக்கா?"

"பளிச்சுனு தெரியணுமாம்ட்டி. படத்துக்கு அப்படித்தானாம்."

"மடையில போயி வேடிக்கை காட்டப் போறியளோ? அது வெளையாடுத எடமா?"

அய்யாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது குறைவு. அன்று வந்தது. "ஏட்டி, செத்தது எங்க பாட்டன். ஊரு முழுக்க வேற ஒருத்தன் பேரச் சொல்லுது. அதக் கேட்டுக்கிட்டே நானும் கெழவனாயிட்டேன். ஒரு தடவையாச்சும் நம்ம மூஞ்சிய இந்த ஊரு பாக்கட்டும்ட்டி."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மடைக்கு இறங்குகிறவனுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. கரையில் ஒரு பிடி மண் எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வான். வைத்த பிறகு தண்ணீருக்குள் போகிறவரை திரும்பிப் பார்க்கக் கூடாது. யாரும் அவனைப் பின்னாலிருந்து கூப்பிடவும் கூடாது. கரையில் நிற்கிற குழந்தைகளின் வாயைக்கூடப் பொத்திப் பிடித்துக்கொள்வார்கள். இதெல்லாம் அஞ்ஞானம் என்று உபதேசியார் எத்தனையோ தடவை கண்டித்திருக்கிறார். "ஞாயித்துக்கெழம கோயில்ல ஒங்க பேச்சு, கொளத்துல எங்கய்யா பேச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விடுவார் அய்யா.

மறுநாள் வெயில் ஏறியதும் கரையில் பெட்டியை நிறுத்தினார்கள். எங்கள் தெருவே திரண்டு மேட்டில் நின்றது. அய்யா சரிகை வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, மண் எடுத்து நெற்றியில் வைத்தார். கைப்பிடி சுற்ற ஆரம்பித்தது. அய்யா கரை விளிம்புக்குப் போய் நின்றார். திரும்ப வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தோள் அசைந்தது, கழுத்து அசைந்தது, அவ்வளவுதான். அவரால் திரும்ப முடியவில்லை. கையைக் கூப்பினார், குதித்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் இரைந்தது. அடப்பாவி மனுஷா! நடிக்கச் சொன்னால் நிஜமாகவே மடையைத் திறந்துவிட்டார். அவருக்கு வேறு மாதிரிக் குதிக்கத் தெரியாது. ஒதுங்கி நீந்தி, அல்லிக்கொடியைப் பிடித்துக் கரையேறி, மூச்சு வாங்க வந்து நின்றார்.

"பிரமாதம்! முதுகு கச்சிதமா விழுந்திருக்கு" என்றார் படக்காரர்.

"மூஞ்சி விழுந்துச்சா சாமி?"

"நீ திரும்பலியேப்பா."

பெட்டியைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள். மேற்கே மேகம் கட்டிக்கொண்டு வந்தது. அய்யா நின்றார், தன் கையைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார். "இன்னொரு தரம் குதிக்கேன்" என்றார்.

படக்காரர் சின்ன எசமானைப் பார்த்தார். சின்ன எசமான் ஏதோ கண் காட்டினார். "சரிலே, சட்டுனு குதி. இவுகளுக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

எங்கள் ஆள் ஒருவர் பைய வந்து அய்யாவிடம் சொன்னார்: "மடை தெறந்து கெடக்குவே. இழுக்கும். அடச்சிட்டுக் குதியும்."

"அடைக்கதுக்குள்ள இவுக போயிருவாகளே" என்றார் அய்யா.

அதற்குள் நெற்றியில் மண்ணும் வைத்தாயிற்று. அம்மா என் பக்கத்தில்தான் நின்றாள். என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் வளையல் உடைந்து கையில் குத்தியது. கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பார். பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். நான் கூப்பிட வாயைத் திறந்தேன். "அய்யா!" என்று நான் கத்துவதற்குள் பக்கத்தில் நின்ற பெண்கள் என் வாயைப் பொத்திவிட்டார்கள்.

இந்தத் தடவை அவர் திரும்பினார். முழுசாகத் திரும்பினார். நெற்றியில் மண்ணோடு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, பெட்டியை நேருக்கு நேர் பார்த்து நின்றார். எங்களைப் பார்க்கவில்லை. உதடு மூடியிருந்தது, ஆனால் சிரிப்பு தெரிந்தது. கைப்பிடி சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு திரும்பிக் குதித்தார்.

குளத்துக்குள் வெகுநேரம் தேடினார்கள். கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில், நாற்றங்காலுக்குப் பக்கத்தில் கிடைத்தார். திறந்த மடை இழுத்து, கல்லோடு கல்லாக அரைத்து வெளியே தள்ளியிருந்தது. அம்மாவை முகத்தைப் பார்க்க விடவில்லை. பார்க்கிற மாதிரி முகம் இல்லை.

கால் வழுக்கி விழுந்தான் என்று முடித்துவிட்டார்கள். பெரியவீட்டிலிருந்து நெல் வந்தது. படக்காரர் அன்று சாயந்தர ரயிலிலேயே போய்விட்டார். திரும்பிப் பார்த்ததால்தான் செத்தான் என்று எங்கள் தெருவே சொல்லிற்று, இன்றைக்கும் சொல்கிறது. மண்ணாங்கட்டி! திறந்த மடையில் ஒரு மனிதனைக் குதிக்க விட்டார்கள், செத்தார். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். எங்கள் சொல் எங்கள் தெருவிலேயே ஏறவில்லை.

அம்மா யாரோடும் வாதாடவில்லை. அவளுக்கு ஒரே ஒரு பிடிமானம்தான் இருந்தது. அவர் திரும்பினார், கைப்பிடி சுற்றியது, அந்த முகம் பெட்டிக்குள் இருக்கிறது. எங்களிடம் அய்யாவின் போட்டோ கிடையாது. எங்கள் தெருவில் யாரிடம் போட்டோ இருந்தது? கடைசியாக ஒரு தடவை முகத்தைப் பார்க்கவும் அவளை விடவில்லை. ஆகையால் படம் வரட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று காத்திருந்தாள். விடுதிக்கு என்னைப் பார்க்க வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "ஏட்டி, இம்புட்டு நாளு பெட்டிக்குள்ள கெடந்தா மூஞ்சி கெட்டுப் போவாதுல்லா?"

கெட்டுப் போகாது என்று சொன்னேன். எனக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? சொன்னேன்.

சித்திரையில் கோயில் கொடைத் திருவிழாவோடு படத்தைக் காட்டினார்கள். பெரியவீட்டு முன்முற்றத்தில் வேட்டிகளைச் சேர்த்துத் தைத்து, கம்பு நட்டுக் கட்டி, தண்ணீர் தெளித்து நனைத்து வைத்திருந்தார்கள். படம் காட்டுகிற மெஷினும், எசமான்மார்களும், தட்டி மறைப்புக்குள் பெண்களும், ஊர்க்காரர்களும் துணிக்கு முன்னால். எங்களுக்குத் துணிக்குப் பின்னால், மாட்டுத்தொழுவத்துப் பக்கம் இடம். நனைந்த துணி ஆனதால் படம் இந்தப் பக்கமும் தெரியும். எழுத்து மட்டும் தலைமாறித் தெரியும். பொழுது சாய்ந்ததும் மெஷினுக்குள் காஸ் விளக்கை ஏற்றி ஆரம்பித்தார்கள்.

வேறு நேரமாக இருந்தால் நானும் வாயைப் பிளந்திருப்பேன். துணியில் மரம் அசைந்தது, மாடு நடந்தது. மீசை மழித்த நாச்சியார் அழுதார். கரி பூசின பையன்கள் ஓடினார்கள். துணிக்கு அந்தப் பக்கம் ஊரே சிரித்தது. இந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு எழுத்து வந்தது. தலைமாறிய எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்தேன்.

"என்னட்டி போட்டிருக்கு?"

"'குடிகளைக் காக்கப் பெரியவர் குதிக்கிறார்'னு போட்டிருக்கும்மா."

"எழுத்த விடு. எழுத்து என்னமும் சொல்லும். மூஞ்சி வருதான்னு பாரு."

பாட்டுக்காரர் கண்ணை உருட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அடுத்தாற்போல் குளம். எங்கள் குளம். கரை விளிம்பில் சரிகை வேட்டியோடு அய்யாவின் முதுகு. நிஜமாகவே அய்யா! இடது தோளில் இருந்த தழும்பு வலது தோளில் தெரிந்தது. தோள் அசைந்தது, கழுத்து அசைந்தது, குதித்தார். உடனே பாட்டுக்காரர் தலையில் தண்ணீர் சொட்ட, தங்க விளக்கோடு எழுந்தார். முன்னால் கைதட்டல் இடித்தது. "இன்னொரு தரம்! இன்னொரு தரம்!" என்று கத்தினார்கள். மெஷின்காரர் சுருளைத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தார்.

அம்மா அழவில்லை. அவள் கணக்கு வேறாக இருந்தது.

"நாம பின்னால இருக்கோம்லா, அதான் முதுகு தெரியுது" என்றாள். "முன்னால இருக்கவுகளுக்கு மூஞ்சி தெரியும்ட்டி."

"அம்மா, அப்படியில்லம்மா..." நான் கையைப் பிடிப்பதற்குள் எழுந்துவிட்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பைச் சுற்றி, எங்கள் சனம் ஒருநாளும் மிதிக்காத அந்த முற்றத்துக்குள் போனாள். பின்னாலேயே ஓடிய நான் கம்போடு நின்றுவிட்டேன். அதற்கு மேல் என் கால் போகவில்லை.

சுருள் மறுபடி ஓடியது. அம்மா துணிக்கு எதிரே போய் நின்றாள். அவளுடைய நிழல் துணியில் விழுந்தது. அதன் பக்கத்தில் அய்யாவின் முதுகு. "யாருலே அது? மறைக்குதுலே! எந்தத் தெருக்காரிலே இவ?" என்று கூச்சல். குதித்தார். அம்மா அசையவில்லை. விளக்கோடு பாட்டுக்காரர் எழுந்தார்.

"இவளை இழுத்து வெளிய விடுங்கலே" என்றார் சின்ன எசமான். அம்மா அவர் பக்கம் திரும்பவேயில்லை. படத்தோடு திரும்ப வந்து மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற படக்காரரிடம் நேரே போனாள்.

"சாமி, அவுக ரெண்டாந்தரம் திரும்புனாகளே. நான் பாத்தேனே. நீங்க சுத்துனியளே. அது எங்க?"

படக்காரர் கெட்டவரில்லை, எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை. அவர் கூச்சத்தோடு, மெதுவாகத்தான் சொன்னார்.

"ரெண்டாவது தடவ பெட்டியில சுருளே இல்லம்மா. எங்களுக்கு முதுகுதான் வேண்டியிருந்தது, அது முதல்லயே கிடைச்சுடுச்சு. அந்த ஆள் மனசு நோகக் கூடாதேன்னு சும்மா சுத்தினோம்."

அம்மா அந்த மெஷினை ஒரு தடவை பார்த்தாள். பிறகு யாரும் இழுக்காமலே வந்துவிட்டாள். எங்கள் சனம் சுற்றிக்கொண்டது. மூஞ்சி தெரிஞ்சுதா, அந்தப் பக்கம் மூஞ்சி தெரிஞ்சுதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"ரெண்டு பக்கமும் முதுகுதான்" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

நாங்கள் குளத்தங்கரையில் ஏறும்போது பின்னால் மறுபடியும் கூச்சலும் கைதட்டலும் கேட்டன. அவரை இன்னொரு தரம் குதிக்க வைத்திருக்கிறார்கள்.